விரதமென்று சொன்ன ஆறு நாட்கள்

என் இடது காதைப் பார்த்ததும் சிலருக்குக் கேட்காமல் இருக்க முடியாது. "தம்பி, உது பிறவியிலையே அப்பிடியோ?" என்பார்கள். இல்லை, பாயில் உரசி உரசித் தடித்துப்போனது என்று சொல்வேன். கூண்டுக்குள் ஏறிச் சண்டை பிடித்தவன் என்று தெரிந்துவிட்டால் கதை நீளும். எங்கெங்கே போனாய், எத்தனை பேரை விழுத்தினாய், பல்லெல்லாம் சொந்தப் பல்தானோ என்று கேட்பார்கள். எனக்கும் வாய் சும்மா இராது. தோற்ற சண்டைகளைக்கூட ஆட்கள் சிரிக்கும்படி சொல்லுவேன். ஒரேயொரு வெற்றியைப் பற்றி மட்டும் எவரிடமும் வாய் திறந்ததில்லை. அந்தச் சண்டைக்காக என் அப்பாவிடம் ஒரு பொய் சொன்னேன். அதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையில், வெங்காயத் தோட்டங்கள் நடுவில் எங்கள் வீடு. அப்பா தோட்டக்காரர். படிப்பு ஏறாத என்னை அபுதாபிக்கு அனுப்பினார்கள். அங்கே நான் துப்புரவு வேலை செய்த கட்டடத்தின் கீழ்மாடியில் ஒரு பயிற்சிக்கூடம் இருந்தது. பிரேசில்காரர் ஒருவர் அங்கே ஜியு-ஜிட்சு பழக்கினார். பாய்களைத் துடைக்கப் போன நான் பாயிலேயே தங்கிவிட்டேன். குத்து, உதை எதுவும் இல்லாமல், தன்னைவிடப் பெரியவனை நிலத்தில் வீழ்த்தி, கையையோ கழுத்தையோ பூட்டி, "போதும்" என்று அவனைத் தட்டவைக்கும் கலை அது. குத்தும் உதையும் சேர்ந்த கலப்புச் சண்டைக்கு நான் போனது அதற்குப் பிறகுதான். ஏழு வருடம் கழித்து ஊருக்கு வந்தபோது இடுப்பில் ஊதாப் பட்டியும், தடித்த காதும், தோல் உரிந்த முழங்காலும் இருந்தன. அம்மா காதுக்கு நல்லெண்ணெய் பூசிப் பார்த்தா.

அப்பா ஒருநாள் என் கைபேசியில் ஒரு சண்டையைப் பார்த்தார். முழுவதும் பார்க்கவில்லை. "ஆளை ஆள் கட்டிப்பிடிச்சுக்கொண்டு உருளுறியள். உதுக்கோ ஏழு வரியம்?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் மாறப் போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் பம்புக்கு எண்ணெய் இருக்கிறதா, உரம் வந்துவிட்டதா என்பதோடு சரி. கோபமில்லை. பேச ஒன்றும் இருக்கவில்லை.

பயிற்சிக்கு எனக்கு ஒரேயொரு கூட்டாளி இருந்தான். குருநகர்க்காரன், கத்தோலிக்கன், கடற்றொழில் செய்கிறவன், என்னைவிடப் பத்துக் கிலோ கூட. அவனுடைய வலைக்கொட்டிலில் பாய் விரித்து நாங்கள் இருவரும் தினமும் புரண்டோம். கொழும்பில் ஒரு போட்டிக்கு என்னைக் கூப்பிட்டபோது அவன்தான் என்னைவிட அதிகம் சந்தோசப்பட்டான். போட்டிக்குப் போவது வீட்டுக்கும் தெரியும். பிரச்சினை எடை. அறுபத்தாறு கிலோவுக்குள் நிற்கவேண்டும். நான் எழுபத்துமூன்று. எடை பார்ப்பது வெள்ளிக்கிழமை காலை, சண்டை சனிக்கிழமை.

எடை குறைப்பதில் எனக்குப் பழக்கம் இருந்தது. சோறும் உப்பும் இனிப்பும் நிறுத்தி, முட்டை வெள்ளைக்கருவும் அவித்த மீனும் மட்டும் அளவாகத் தின்று, கடைசி இரண்டு நாள் தண்ணீரையும் குறைத்து, வெந்நீரில் கிடந்து வியர்த்தால் இறங்கிவிடும். அபுதாபியில் இதெல்லாம் சுலபம். அங்கே அம்மா இல்லை. எங்கள் வீட்டில் ஒருநேரச் சோறு வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வயிற்றுக்கு என்ன என்று கேட்பா. பிறகு கறி சரியில்லையோ என்பா. கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தானும் சாப்பிடாமல் இருப்பா. யாழ்ப்பாணத்தில் சோற்றை வேண்டாமென்று சொல்லி மரியாதையோடு தப்ப ஒரேயொரு வழிதான் உண்டு. அது விரதம்.

அந்த வருடம் கந்தசட்டி சரியாக எடை பார்க்கிற நாளுக்கு முதல்நாள் முடிந்தது. ஆறு நாள் உபவாசம், ஆறாம் நாள் சூரன்போர், ஏழாம் நாள் காலை விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணை. இதைவிட வசதியாக எவனுக்கு அமையும்? "அம்மா, நான் இந்த முறை சட்டி பிடிக்கப்போறன்" என்றேன். அம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாகத்தான் இருந்தது. அவ்வளவு சந்தோசம். அன்றைக்கே குசினியைக் கழுவி, மீனும் இறைச்சியும் காய்ச்சுகிற மச்சச் சட்டிகளையெல்லாம் எடுத்துக் கொட்டிலில் வைத்தா. பொய் சொல்கிறேன் என்றே நான் நினைக்கவில்லை. ஒரு சுலபமான வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல்நாள் காலை கோயிலில், விரதகாரருக்கு ஐயர் தர்ப்பை கொடுக்கிற வரிசையில் எனக்குப் பின்னால் யாரோ இருமியது கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். அப்பா. குளித்துத் தோய்ந்து, வெள்ளை வேட்டியோடு நின்றார். தேர்த்திருவிழாவுக்கு மட்டும் வந்து, அதுவும் வெளிவீதியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி இல்லாவிட்டால் அம்மாவோடு கதைக்கமாட்டார். போதாததற்குச் சீனி வருத்தம் வேறு, நீரிழிவுக் குளிசையில் ஓடுகிற உடம்பு.

"நீங்கள் என்னத்துக்கு அப்பா?" என்றேன்.

"நீ பிடிக்கேக்கை எனக்கென்ன?" என்றார். "ஒருநேரம் பாலும் பழமும் எடுக்கிறன். எல்லாம் யோசிச்சுத்தான் வந்தனான்."

அந்த இடத்தில் நான் வரிசையை விட்டு விலகியிருக்கலாம். விரலை நீட்டித் தர்ப்பையை வாங்கிக்கொண்டேன்.

அங்கிருந்து நேரே குருநகருக்குப் போனேன். கூட்டாளியின் மனைவி உப்பில்லாமல் அவித்த விளைமீனும் நாலு முட்டையும் வைத்திருந்தா. என் விரலில் கிடந்த தர்ப்பையைக் கழற்றிச் சேட்டுப் பைக்குள் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன். கூட்டாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், நாங்கள் தபசு காலத்திலை இறைச்சிக்குக் கிட்டவும் போகமாட்டம். நீ சட்டியிலை மீன் தின்னுறாய்."

"நான் விரதமில்லையடா. வீட்டுக்குச் சொல்லியிருக்கிறன், அவ்வளவுதான்."

"கொப்பர்?" என்று என் அப்பாவைப் பற்றிக் கேட்டான்.

"அவர் தன்ரை பாட்டுக்குப் பிடிக்கிறார்."

அவன் முள் எடுத்த துண்டுகளை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனான். அன்றிலிருந்து நான் சாப்பிடும்போது அவன் கூட இருந்ததில்லை.

பின்னேரங்களில் நானும் அப்பாவும் கோயிலுக்கு நடந்து போனோம். அவர் வெறுங்காலோடு, தோட்டங்களுக்கு நடுவிலே போகும் ஒழுங்கையால் நடப்பார். முதல் இரண்டு நாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே கதை தொடங்கினார். இளவயதில் கிளித்தட்டு விளையாட்டில் தன்னைத் தொட ஊரில் ஆள் இருந்ததில்லையாம். இடுப்பை எப்படி வளைத்து ஓடவேண்டும் என்று ஒழுங்கையிலேயே நின்று வளைந்து காட்டினார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். எனக்கு நினைவு தெரிந்து நாங்கள் இருவரும் ஒரே விசயத்துக்குச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு கேட்டார். "உங்கடை விளையாட்டிலை ஆள் செத்துக்கித்துப் போகாதோ?"

"இல்லை அப்பா. ஏலாதெண்டால் கையாலை தட்டினாச் சரி. மற்றவன் விட்டிடுவான்."

"விடாட்டி?"

"விடவேணும். அதுதான் சட்டம்."

 "நீ தட்டிப்போடு, என்ன? வெக்கப்படாதை" என்றார். அப்போதுதான் அவர் எதற்காகச் சட்டி பிடிக்கிறார் என்று எனக்கு விளங்கியது. என் உயிருக்காக. அவருடைய வாயில் வெறும்வயிற்று வாடை அடித்தது. என் வயிற்றில் மத்தியானம் தின்ற மீன் இருந்தது. சொல்லிவிட வாயெடுத்தேன். கோயில் மணி கேட்டது, அவர் நடையை எட்டிப்போட்டார், நானும் விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை சுன்னாகத்தில் ரெயில் ஏறினேன். சூரன்போருக்கு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை தராசில் ஏறியபோது முள் அறுபத்தாறுக்குச் சற்றுக் கீழே நின்றது. நேரே வெள்ளவத்தைக்குப் போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சிக் கறி. இரண்டாவது தட்டு வந்தபோது அம்மா தொலைபேசியில் வந்தா.

"தம்பி, பாறணை பண்ணீட்டியோ?"

"ஓம் அம்மா. இப்பதான் சாப்பிடுறன்."

"கொப்பர் இன்னும் பண்ணேல்லை. அந்தப் பால்தான் குடிச்சுக்கொண்டு கிடக்கிறார். உன்னை முழுசாக் கண்டாப் பிறகுதானாம் சோறு. நீ ஒருக்காச் சொல்லு ராசா."

அப்பாவிடம் கொடுத்தா. "அப்பா, சாப்பிடுங்கோ" என்றேன். "நீ வா" என்றார். அவ்வளவுதான்.

ஒரு வசனம் போதுமாயிருந்தது. அப்பா, நான் விரதம் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் கோபத்திலாவது எழும்பிப் போய்ச் சோறு தின்றிருப்பார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நாளைக்குச் சண்டை, இப்போது மனதைக் குழப்பக்கூடாது என்று நினைத்தேன். எலும்பிலிருந்த இறைச்சியைச் சூப்பி முடித்துவிட்டுக் கைகழுவினேன்.

சண்டை இரண்டாம் சுற்றில் முடிந்தது. எதிராளியின் முதுகில் ஏறி, பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டினேன். அவன் என் கையில் மூன்று முறை தட்டினான், விட்டேன். என் உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரெயில் இருந்தது. ஆனால் கொழும்புப் பெடியள் கடற்கரைக்குக் கூப்பிட்டார்கள், போனேன். அப்பா காத்திருக்கிறார் என்பது தெரிந்தே போனேன். இதற்கு மட்டும் நான் எனக்கு ஒரு சாட்டும் வைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அப்பாவுக்குப் பத்தாம் நாள். கன்னம் ஒட்டிப்போய், ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக வந்து என் தோளையும் கையையும் அமத்திப் பார்த்தார். அம்மா இரண்டு வாழையிலை போட்டு, பத்துப் பன்னிரண்டு கறி வைத்துப் பரிமாறினா. நிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் காலை மடித்தபோது வலது காலில் கட்டியிருந்த துணியைக் கண்டேன். மஞ்சள் பூசிய துணி, ஓரமெல்லாம் கறுத்திருந்தது. கறிகளின் மணத்துக்கு மேலால் வேறொரு மணம் வந்தது.

"சூரன்போர் அண்டைக்குச் சனத்துக்குள்ளை என்னவோ குத்தீட்டுது" என்றா அம்மா. "ஆஸ்பத்திரிக்குப் போவமெண்டால் கேக்கிறாரில்லை. தம்பி வரட்டும், சண்டைக்குப் போன பிள்ளைக்குச் சொல்லாதை எண்டிட்டார்."

"நோகேல்லை" என்றார் அப்பா. சீனி வருத்தக்காரருக்குக் கால் நோகாது. நோகாததுதான் ஆபத்து. அன்றைக்கே அவரைத் தூக்கிக்கொண்டுபோய் ஓட்டோவில் ஏற்றினேன். அவ்வளவு பாரமில்லாமல் இருந்தார். முதலில் இரண்டு விரல் எடுத்தார்கள், பத்து நாளில் முன்பாதம் முழுவதும் போயிற்று. இன்னும் இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் விரலோடு நின்றிருக்கும் என்று ஒரு டாக்குத்தர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் எனக்காகக் காத்திராமல் சனிக்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார் என்பதை நான் எண்ணிப் பார்க்காத நாள் இல்லை.

பக்கத்துக் கட்டில்காரரிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "மகன் கொழும்புச் சண்டையிலை வெண்டவன். நானும் அவனோடை சேந்து சட்டி பிடிச்சனான். முருகன் ஒரு பாதத்தை எடுத்துக்கொண்டு பிள்ளையை முழுசாத் தந்திட்டான்." பார்க்க வந்திருந்த குருநகர்க் கூட்டாளி என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனான். "சொல்லு மச்சான்" என்றான். சொல்றன் என்றேன். எட்டு வருடம் சொல்லவில்லை.

அந்த எட்டு வருடமும் நான் சட்டியை ஒழுங்காகப் பிடித்தேன். அப்பாவும் கூடப் பிடித்தார். நான் வென்றால் சட்டியின் பலன் என்பார். தோற்றால் இன்னும் மோசம். தோள் கழன்று தோற்று வந்த வருடம், கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மூண்டாம் நாள் ஒரு சுருட்டுப் பத்தினனான் தம்பி, அதுதான்" என்று மெல்லச் சொன்னார். அன்றைக்கு நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு சண்டை. பிறகு கழுத்து எலும்பு விலகி, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சுன்னாகத்தில் வாகன உதிரிப்பாகக் கடையோடு இருந்துவிட்டேன்.

போன வருடம் கிளினிக்கில் அப்பாவின் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறது என்றார்கள். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குக் குளிசை, விரதம் என்ற பேச்சே கூடாது. அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். ஐப்பசி பிறந்ததும் அம்மாவிடம் வேட்டியைத் தோய்க்கச் சொன்னார். நான் இந்த முறை பிடிக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "நீ விடு. உனக்கும் சேத்து நான் பிடிக்கிறன்" என்றார். அம்மா குசினிக்குள் நின்று அழுதா. இனிச் சொல்வதற்கு உண்மை ஒன்றுதான் மிச்சம்.

சட்டி தொடங்குவதற்கு முதல்நாள், கிணற்றடியில் அவரைக் கதிரையில் இருத்தி, பாதத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தேன். அது என் வேலை, தினமும் நான்தான் செய்வேன். முகத்தைப் பார்க்காமலே சொன்னேன்.

"அப்பா, அந்த முதல்முறை நான் சட்டி பிடிக்கேல்லை. எடை குறைக்கிறதுக்கு அப்பிடிப் பொய் சொன்னனான்."

கிணற்றடி வாழையில் காகம் ஒன்று இருந்து கத்தியது. அப்பா அதைக் கலைத்தார்.

"சாப்பிட்டனியோ?"

"ஓம்."

"எங்கை?"

"குருநகரிலை."

"என்ன சாப்பிட்டனி?"

"மீனும் முட்டையும்."

"ஆறு நாளுமோ?"

"ஓம் அப்பா."

பாதத்தை என் கையிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டார். துவாயைக் கேட்டு வாங்கி மிச்ச ஈரத்தைத் தானே துடைத்தார். குனிய அவருக்கு ஏலாது, மூச்சு வாங்கியது. நான் கையை நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடித்திருந்தால் இன்னும் நல்லது, எனக்கு அடி வாங்கிப் பழக்கம்.

அடுத்தநாள் காலை அம்மாவிடம் புட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். குளிசை போட்டார். மத்தியானம் சோறு, இரவு இடியப்பம். அம்மா, அவர் சாப்பிடவேண்டும் என்று தான் வைத்த நேர்த்தி பலித்தது என்று நினைத்துக் கோயிலுக்கு அபிசேகத்துக்குக் கொடுத்தா. நான் தனியாகப் போய்த் தர்ப்பை வாங்கினேன். பின்னேரம் புறப்படும்போது ஒவ்வொரு நாளும் அவர் கதிரையைப் பார்ப்பேன். ஒழுங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தபடி இருப்பார். உடம்பு தேறியது. இரத்தச் சோதனை முந்தியதைவிடப் பரவாயில்லை. நான் நினைத்த காரியம் நடந்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

பிறகொரு மாதம் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புதிதாக வந்த இளம் டாக்குத்தர். கால்களைப் பார்க்கவேண்டும், சப்பாத்தைக் கழற்றுங்கள் என்றார். பாதி நிறையப் பஞ்சு அடைத்த அந்த வலது சப்பாத்தை நான் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். கிளினிக்கில் புதிதாக எவர் கேட்டாலும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, மகனின் சண்டையில் தொடங்கி முருகனில் முடிப்பார். தாதிமார் சிரிப்பார்கள், நான் யன்னலைப் பார்ப்பேன். எட்டு வருடமாக நடந்தது அதுதான்.

"இது எப்பிடி நடந்தது ஐயா?" என்று கேட்டார் டாக்குத்தர்.

அப்பா நிமிரவில்லை.

"தோட்டத்திலை கண்ணாடி குத்தினது" என்றார். "நான் கவனிக்காமல் விட்டிட்டன். என்ரை பிழைதான். மகன்தான் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்."

என்னைப் பற்றி வேறாட்களிடம் "வந்தவன்" என்றில்லாமல் "வந்தவர்" என்று அவர் மரியாதையாகச் சொன்னது அதுதான் முதல்தடவை. டாக்குத்தர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அப்பா சொன்னதை அப்படியே கொப்பியில் எழுதினார். நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மற்றக் காலையும் காட்டச் சொன்னார், நான் குனிந்து இடது சப்பாத்தைக் கழற்றினேன்.